பச்சைச் சுவருக்கு அனல் ஆகாது

எங்கள் வீட்டுப் புகைக்கூண்டு மேற்கே சாய்ந்திருந்தது. யாரோ கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டதுபோல ஒரு சாய்வு. அடுப்படி மச்சுக்கு மேலே ஓர் ஆள் உயரத்துக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழும்பி, உச்சியில் நாலு பக்கமும் சின்னச் சின்ன வாசல் வைத்து, அதற்கு மேல் ஒரு குட்டிக் கூரையும் போட்டுக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புறாக்கள் வாழும் கோபுரம் என்று தோன்றும். வாழ்ந்தது என்னவோ புகைதான். விடிகிற நேரத்தில் நாலு வாசலிலும் எட்டிப் பார்க்கும். காற்று எந்தப் பக்கம் என்று யோசிக்கும். பிறகு கண்மாய்ப் பக்கமாக நடக்கத் தொடங்கும். புகை யோசித்துவிட்டுத்தான் போகிறது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். தலை நரைக்கத் தொடங்கிவிட்ட இந்த வயதிலும் அந்த நம்பிக்கை முழுதாக விட்டுப்போகவில்லை.

கூண்டைக் கட்டியவர் தாத்தா. நான் அவரைப் பார்த்ததில்லை. பர்மாவில் மரக்கடையில் உழைத்துத் திரும்பிவந்து, அரிமளத்துக்குத் தெற்கே கண்மாய்க் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் காரைவீடு கட்டியவர் அவர். மற்ற வீடுகளில் புகை ஓட்டுச் சந்துகளில் கசிந்து, யாருக்கும் தெரியாமல் வெளியேறிவிடும். எங்கள் வீட்டுப் புகைக்கு மட்டும் தனி வாசல், அதுவும் ஊரே பார்க்கிற உயரத்தில். ஆகவே எங்கள் வீட்டில் உலை ஏற்றியதும் இறக்கியதும் ஊருக்குச் செய்தி. எல்லாரையும்விட அத்தைக்குச் செய்தி. அத்தை அப்பாவுக்கு அக்கா. கண்மாய்க்கு நேர் அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வாசல் தெளிக்க வரும்போது நிமிர்ந்து தண்ணீருக்கு மேலாகப் பிறந்த வீட்டுப் புகையைப் பார்த்துவிட்டுத்தான் வாளியில் கை வைப்பாளாம். எங்கள் வீட்டுக்கு வந்தால் நலம் விசாரிப்பதே அதை வைத்துத்தான்.

"என்னத்தா, முந்தாநேத்து வெளக்கு வச்ச பெறகு மறுபடி அடுப்பு எரிஞ்சுச்சு? எனக்குத் தெரியாம எந்த விருந்தாளி வந்தது?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். "மதினிக்குத் தெரியாம இந்த வீட்டுல ஒரு சுக்குத் தண்ணிகூட வைக்க முடியாது போல."

கூண்டின் சாய்வுக்குக் காரணம் அரசங்கன்று. எந்த மைனாவோ எச்சமிட்டுப் போன விதை. செங்கல் இடுக்கில் வேர்விட்டு, சுண்ணாம்பைத் தின்று, வருஷத்துக்கு ஒரு விரல்கடை இடம் கேட்டு வளர்ந்தது. மழைக்காலத்தில் அடுப்பில் காரைத்தூள் உதிரும். சோற்றில் சுண்ணாம்பு கடித்தால் அம்மா அண்ணாந்து பார்த்து, "ஒருநா மொத்தமா எறங்கப் போகுது" என்பாள். அப்பாவும் பார்ப்போம் என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

அடுப்படி சின்னம்மாவின் ராஜ்யம். சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்போது இருபது வயதுகூட இருந்திருக்காது. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியுமுன்னே சித்தப்பா ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார், தாத்தா போன வழியில். பிறகு யுத்தம். ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கே இருந்த நம் ஆட்களெல்லாம் காடும் மலையுமாக நடந்தே வருகிறார்கள் என்றார்கள். பக்கத்து ஊர்களுக்கு ஒருவர் இருவராக வந்தும் சேர்ந்தார்கள், எலும்பும் தாடியுமாக. சித்தப்பா வரவில்லை. வரவில்லை என்பது மட்டுமே தெரிந்தது.

சின்னம்மா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அவள் செய்ததெல்லாம் ஒன்றுதான். அடுப்பை அணையவிடவில்லை. சித்தப்பா புறப்பட்ட அன்று அவர் குளிக்க வெந்நீர் காய்ந்த நெருப்பு அது. இரவில் தணலைச் சாம்பலால் மூடுவாள், பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. விடியற்காலையில் சாம்பலை விலக்கி, ஊதாங்குழலை வாயில் வைத்து ஊதுவாள். உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் கண் விழிக்கும். தீப்பெட்டி கிடைக்காத காலம். தெருவே எங்கள் வீட்டில் வந்து வறட்டியில் நெருப்பு வாங்கிக்கொண்டு போகும். "அவுக வந்து எறங்குனதும் இதே நெருப்புலதான் வெந்நி காயணும்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள், என்னிடம் என்றுகூட இல்லை, அடுப்பிடம். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு அடுப்பு அடியோடு அணைந்து கிடந்தால் அங்கே சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்வீட்டிலிருந்து கஞ்சி வரும். துக்கம் கழிகிறவரை உலை ஏறாது. அடுப்பு எரிகிறவரை அந்த வீட்டில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். சின்னம்மாவின் கணக்கு அவ்வளவு எளிமையானது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வழக்கத்தில் தம்பி மனைவி மூத்தாரோடு நேருக்கு நேர் பேசமாட்டாள். சின்னம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசிக் கேட்டவர் கிடையாது. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். பேச்சு என் வழியாகப் போகும். அவர் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் நிலைப்படியில் நான். சின்னம்மா சொன்னது அப்பாவுக்குக் காது நிறையக் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் ஒருமுறை திருப்பிச் சொன்னால்தான் அது சொல்லப்பட்டதாகும். அவர் பதிலும் அப்படியே. கூட்டாமல் குறைக்காமல் சொல்வதில் எனக்குப் பெரிய கர்வம். எங்கள் சமஸ்தானத்துத் திவானுக்குக்கூட அத்தனை கர்வம் இருந்திருக்குமா தெரியவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் அப்பா கீரனூர் சந்தைக்கு நெல் விஷயமாகப் போய்விட்டு உச்சிவெயிலில் திரும்பி வந்தார், தலையிலிருந்து கால்வரை நனைந்து. வேட்டி உடம்போடு ஒட்டியிருந்தது. நடந்த வழியெல்லாம் கோடாக ஈரம். "என்னங்க இது, இந்நேரத்துக்குக் குளியல்?" என்று அம்மா கேட்டாள். "வெயிலு. கண்மாயில ரெண்டு முங்கு போட்டேன்" என்றார். ஈர வேட்டியோடேயே கொல்லைக்குப் போய், அண்ணாந்து, புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அப்போதுதான் மத்தியானச் சமையலுக்கு அடுப்பு பிடித்திருந்தது. நாலு வாசலிலும் புகை எட்டிப் பார்த்தது.

அன்று சந்தையில் அவர் ஓர் ஆளைச் சந்தித்திருந்தார். பர்மாவிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த ஆள். சித்தப்பாவோடு மலைப்பாதையில் கூட நடந்தவன். காலரா. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதான் அவன் சொன்னதும், அப்பா கேட்டதும். இது எனக்குத் தெரிந்தது நானே பிள்ளை பெற்ற பிறகு, அப்பா படுக்கையில் இருந்த நாட்களில்.

அதை வீட்டில் வந்து சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சின்னம்மாவை நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் பூவை எடுப்பார்கள். பொட்டை அழிப்பார்கள். வளையல் உடையும். அதற்குப் பிறகு ஐம்பது அறுபது வருஷம் அவள் ஒரு மூலையில் வெள்ளையாக இருப்பாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து வரவேண்டும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் கூடப் பிறந்தவன். பெயர் தெரியாத மலையில், கொள்ளிகூட இல்லாமல் கிடக்கிறான். அவன் பிறந்த வீட்டு அடுப்பு அவனுக்காக ஒருநாளாவது அணையாமல் இருப்பது எப்படி? இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கள் புகைக்கூண்டு சாய்ந்து நின்றது.

மறுநாள் காலையில் கொத்தனார் வந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர். கட்டையான ஆள், குரல் மட்டும் நெட்டை. கூண்டைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா ஒய்யாரமா சாஞ்சு நின்னுச்சு. வெள்ளாமை வீடு வர்ற நேரத்துல உங்களுக்குத் திடீர்னு கோவம் வந்திருச்சே ஐயா" என்றார். பிரித்துத்தான் கட்டவேண்டும், கட்டி முடிந்து ஈரம் வாங்கும்வரை கீழே ஒரு சுள்ளிகூட எரியக் கூடாது என்று சொன்னார். பச்சைச் சுவருக்கு அனல் ஆகாது. வெளியே காய்வதற்குள் உள்ளே காய்ந்தால் வெடித்துவிடும்.

கதவுக்குப் பின்னாலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது. "இத்தனை வருஷமா நின்னதுக்கு இப்ப என்ன அவசரமாம்னு கேளு."

கேட்டேன்.

"தலையில விழுந்த பெறகுதான் அவசரமான்னு கேளு" என்றார் அப்பா.

கேட்டேன்.

"நெருப்பு அணையக் கூடாதுன்னு சொல்லு. கொல்லையில மூணு கல்லு வச்சு அங்கிட்டே ஆக்கிக்கிறேன்."

சொன்னேன். அது நல்ல யோசனை என்று எனக்கே பட்டது. அம்மாவும் தலையாட்டினாள். கல்யாணம் விசேஷம் என்றால் அங்கேதான் கோட்டை அடுப்பு வெட்டுவது. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிறகு சுவரிடம் சொல்வதுபோல, "கொல்லையிலயும் வேணாம்னு சொல்லு. எங்கிட்டும் வேணாம். வைக்கப்படப்பு இருக்கு" என்றார்.

வைக்கோல் படப்பு எப்போதும்தான் அங்கே இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் போய்ச் சொன்னேன். சின்னம்மா இன்னொரு பதில் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கதவில் சாய்ந்து என் முகத்தையே பார்த்தாள், நான் சொன்னதில் சொல்லாமல் விட்ட ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுபோல. பிறகு அடுப்படிக்குப் போய், சாம்பலை விலக்கி, உயிருள்ள தணலையெல்லாம் ஒரு சட்டி ஓட்டில் அள்ளினாள். தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய் அவர்கள் அடுப்பில் சேர்த்துவிட்டு வந்தாள். "நம்ம நெருப்பு. அணைய விட்டுராதீங்க" என்று அந்த வீட்டுக்காரியிடம் சொன்னதை நான் கேட்டேன். திரும்பி வந்து அடுப்பில் தண்ணீர் தெளித்தாள். ஒரு பெருமூச்சுபோலச் சத்தம் வந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்குக் கனவுபோல இருக்கின்றன. ஒருவேளை கனவுதான் கொஞ்சம் கலந்திருக்கிறதோ என்னவோ.

கொத்தனார் சவுக்குக்கழிகளைக் கயிற்றால் பிணைத்துச் சாரம் கட்டினார். முதலில் அரசங்கன்றைத் தொட்டுக் கும்பிட்டு, "தாயே, ஒனக்கு நல்ல எடமாப் பாத்துத் தர்றேன், கோவிச்சுக்காதே" என்று சொல்லி வேரோடு உருவினார். அது கையில் வந்தபோது கூடவே பாதிக் கூண்டு வந்தது. மீதியைச் செங்கல் செங்கல்லாகப் பிரித்துக் கீழே இறக்கினார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கரி. இத்தனை வருஷம் குடித்த புகை அதில் கெட்டியாகிப் பளபளத்தது. தொட்டால் விரலில் ஒட்டும். முகர்ந்தால் எப்போதோ சாப்பிட்ட எல்லாச் சாப்பாடும் ஒன்றாக வாசம் அடிக்கும். கொல்லைத் தொட்டியில் சுண்ணாம்பு புளித்தது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றிக் குழைத்தார்கள். கருப்பட்டி காப்பிக்கே இல்லாத காலத்தில் சுவருக்கு ஊற்றுகிறார்களே என்று நான் ஏங்கினேன்.

கூண்டு போனதும் அடுப்புக்கு நேர் மேலே ஒரு சதுர ஓட்டை திறந்துகொண்டது. எங்கள் அடுப்படிக்குள் அதுவரை வெளிச்சம் இப்படி வந்ததே கிடையாது. நட்டநடுப் பகலில் வெயில் ஒரு தூணாக இறங்கி, அணைந்த அடுப்பின்மேல் நிற்கும். அதற்குள் கரித்தூள் மீன்குஞ்சுகளாக நீந்தும். நான் தரையில் மல்லாந்து படுத்து அந்தச் சதுரத்தைப் பார்ப்பேன். ஒரு மேகம் வந்து அதை நிறைக்கும். மேகத்தை இழுத்துக்கொண்டு நீலம் வரும். ஒரு பருந்து ஒரு மூலையில் நுழைந்து மறு மூலையில் வெளியேறும். வீடே மெதுவாக எங்கோ பயணம் போவதுபோலத் தலை சுற்றும். சின்னம்மாவும் வேலையில்லாமல் அடுப்புத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வெயில் தூணின் ஓரம் அவள் மடியில் விழும். அவள் அண்ணாந்து பார்த்ததில்லை. மடியில் கிடந்த வெயிலை மட்டும் பார்த்தாள். தலையில் வழக்கம்போலக் கனகாம்பரம் இருந்தது.

எதிர்வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் வந்தன. எனக்கு அது விருந்து. அம்மாவுக்கு எரிச்சல். "சாவு வீடாட்டம் அடுத்த வீட்டுக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டு" என்று ஆரம்பித்து, சின்னம்மாவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்பா வெற்றிலை போடவில்லை. வியாபாரத்துக்குப் போகவில்லை. நாற்காலி இருக்கத் தரையில் உட்கார்ந்து, கொத்தனார் வைக்கும் ஒவ்வொரு கல்லையும் பார்த்தார். தூக்குக்குண்டு பிடித்து, நேராக, வெள்ளையாக, ஈரமாகக் கூண்டு மறுபடியும் எழுந்தது. உச்சியில் நனைத்த சாக்கைப் போர்த்தி வைத்தார் கொத்தனார். புது மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டியதுபோல இருந்தது. எனக்கு அந்தப் பழைய சாய்வுதான் பிடித்திருந்தது.

புகை இல்லாத காலைகள் ஊருக்குப் பழகிவிட்டன. சாரம் கண்ணுக்குத் தெரிகிறதே. ஆனால் அக்கரையில் அத்தை வாசலிலிருந்து பார்த்தால் சாரம் தெரியாது. நடுவில் பனைகள். வழக்கமாகப் பனைகளுக்கு மேலே நிற்கும் புகை இல்லை என்பது மட்டும் தெரியும். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சில நாள் மனசைத் தேற்றிக்கொண்டு பார்த்தாளாம்.

சாக்கு போர்த்திய மறுநாள் காலையில் கண்மாய்க் கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஏதோ பறவை என்று நினைத்தேன். பிறகு அதில் வார்த்தைகள் இருந்தன. அத்தை தலைவிரிகோலமாக மாரில் அடித்துக்கொண்டு கரைமேல் வந்துகொண்டிருந்தாள். பின்னால் அவள் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர். எங்கள் தெருமுனைக்கு வந்ததும் குரல் எல்லாம் ஒன்றாக உயர்ந்தது. தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சாரத்தின்மேல் இருந்த கொத்தனார் கரணையும் கையுமாகக் குனிந்து பார்த்து, "யாரு போனது?" என்று என்னையே கேட்டார்.

அம்மா ஓடிப்போய் அத்தையின் கையைப் பிடித்தாள். "மதினி! மதினி! என்ன காரியம் பண்றீங்க? பொகைக்கூண்டு கட்டுறோம். நல்லாப் பாருங்க. வேற ஒண்ணும் இல்ல!"

அத்தை அண்ணாந்து வெள்ளைக் கூண்டைப் பார்த்தாள். சாக்குத் தலைப்பாகையைப் பார்த்தாள். அழுகை பாதியில் நின்று விக்கலாக மாறியது. கூட வந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவே தொடங்கிவிட்டாள். அந்த இடத்தில் அது முடிந்திருக்கலாம். வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிக்கிற கதையாகப் போயிருக்கலாம். ஆனால் அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவ சொல்றது இருக்கட்டும்டா தம்பி. நீ சொல்லு. ஒண்ணும் இல்லேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் இப்படியே திரும்பிப் போறேன்."

அப்பா சொல்லவில்லை.

"சொல்லுடா!"

அப்பா அக்காவிடம் பொய் சொல்லிப் பழகாதவர். உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. தெரு முழுக்க அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தையின் முகம் மெல்ல மெல்ல உடைவதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தேன். கூட வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகி, அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். எப்படிச் செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே போய் அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும். அவர்கள் கை அவள் தோளில் விழுந்து, முதல் ஒப்பாரி எழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவள் தலையில் கனகாம்பரம் கிடையாது.

நான் எப்படியோ அவர்களுக்கு முன்னால் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன். சின்னம்மா எழுந்து நின்றிருந்தாள். பயந்தவள்போல இல்லை. என் கையில் சட்டி ஓட்டைக் கொடுத்தாள்.

"பின்வாசலா ஓடு. எதிர்வீட்டுல நம்ம தணலை வாங்கிட்டு வா. ஊதிக்கிட்டே வா."

வீட்டைச் சுற்றி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு அடுப்பிலிருந்து வாங்கி, ஊதிக்கொண்டே ஓடிவந்தேன். அதற்குள் அம்மா அடுப்படி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்று பெண்களிடம், "இருங்கத்தா, இருங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். சின்னம்மா தணலை அடுப்பில் கொட்டி, பனையோலையை வைத்து ஊதினாள். பற்றியதும் கொல்லைத் தொட்டியோரம் நனைந்து கிடந்த பச்சைத் தென்னமட்டைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்தாள். தீ முனகியது. பிறகு புகைத்தது.

அப்படி ஒரு புகையை நான் பார்த்ததில்லை. மேலே சாக்கு அடைத்திருந்ததால் போக வழியில்லாமல், மேலே போய், திரும்பி, அடுப்படியை நிறைத்து, கூடத்துக்கு வந்து, வாசலில் வழிந்தது. மேலிருந்து கொத்தனாரின் நெட்டைக் குரல் இறங்கியது. "யாராத்தா அடுப்பப் பத்த வச்சது? பச்ச சொவரு! பச்ச சொவரு! கொத்தனாரச் சுட்டுக் கருவாடு போடப் போறீங்களா?" அவர் இருமிக்கொண்டே சாக்கைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும். மேலே வெளிச்சம் தெரிந்தது. புகையில் பாதி அந்த வழியாக ஏறியது. நாலு வாசலிலும் அது வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. தெருவில் யாரோ "அடுப்பு எரியுதப்பா" என்று சொன்னது மட்டும் கேட்டது.

எரிகிற அடுப்புக்கு எதிரே மாரடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். புகைக்குள்ளிருந்து சின்னம்மா வந்தாள். பொட்டு இருந்தது. பூ இருந்தது. கையில் அரிசி களைந்த பானை.

"வாங்க மதினி. ஒலை வைக்கப் போறேன். எல்லாரும் சாப்புட்டுட்டுத்தான் போகணும்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் புகை போய்க்கொண்டிருந்தது. அத்தையின் கை தானாக உயர்ந்து, சின்னம்மாவின் தோள்வரை வந்து, அங்கே என்ன செய்வது என்று தெரியாமல் நின்று, அவள் காதோரம் சரிந்திருந்த கனகாம்பரத்தைச் சரியாகச் செருகிவிட்டுக் கீழே இறங்கியது.

"பாழாப்போன பொகை" என்றாள் அத்தை. கூடத்தில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் கண்களைப் பொத்திக்கொண்டாள். "கண்ணத் தொறக்க முடியலையே. என்னமா எரியுது."

அம்மாவுக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளுக்கு எந்த நிமிஷத்தில் விளங்கியது என்று எனக்குத் தெரியாது. "ஆமா மதினி, எரியுது, எரியுது" என்று சொல்லிக்கொண்டே அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. யாரும் எவர் பெயரையும் சொல்லவில்லை. சாரத்திலிருந்து இறங்கிவந்த கொத்தனாரின் கரிமுகத்தில் இரண்டு வெள்ளைக்கோடுகள். என் கண்ணிலும் கொட்டியது. பெரியவர்கள் இத்தனை பேர் மூக்கைச் சிந்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் சிரித்தேன். யாரும் அதட்டவில்லை.

அந்தக் கூண்டின் உட்புறம் அன்றே வெடித்துவிட்டது. வேறு ஒரு வருஷம் பூசினார்கள். சின்னம்மா கடைசிவரை பூ வைத்துக்கொண்டாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை, அவளும் யாரையும் எதையும் கேட்கவில்லை.

அப்பா மட்டும் உட்காரவில்லை. புகை எல்லாருக்கும் ஒன்றுதான், அவர் கண்ணும் சிவந்திருந்தது. ஆனால் தாடையை இறுக்கி, மூச்சை இறுக்கி, தூணோடு தூணாக நின்றார், யாரோ அவரை அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனதுபோல. அடுப்படி நிலையின் ஓரத்திலிருந்து சின்னம்மா அதைப் பார்த்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். குனிந்தாள். வழக்கமாக அப்பாவுக்கும் கேட்கும்படி சொல்கிறவள், அன்று என் காதில் மட்டும் சொன்னாள்.

"ஒங்க அப்பாவ அழுகச் சொல்லு. பொகையாத்தான் இருக்கு. யாருக்கும் தெரியாது."

நான் போனேன். இதுவரை கொண்டுபோன செய்திகளிலேயே இதுதான் விநோதமானது என்று நினைத்தேன். அழுவதற்கு யாராவது சொல்லி அனுப்புவார்களா? எங்களுக்கெல்லாம் அழாதே என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்தார். "அப்பா, ஒங்கள அழுகச் சொன்னாங்க. பொகையாத்தான் இருக்காம். யாருக்கும் தெரியாதாம்."

அப்பா என்னைப் பார்த்தார். நிமிர்ந்து அடுப்படியைப் பார்த்தார். அங்கே யாரும் தெரியவில்லை, புகை மட்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தூணில் சரிந்து, மெல்ல மெல்லத் தரைக்கு வந்தார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

நான் திரும்பி ஓடினேன்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சின்னம்மா. இருமுறாங்க."

அவள் தலையாட்டினாள். இன்னொரு பச்சை மட்டையை எடுத்து அடுப்புக்குள் தள்ளினாள். எப்போதும்போல அடுத்த செய்தி வரும் என்று, இரண்டு பேருக்கும் நடுவில், நிலைப்படியில் போய் நான் நின்றுகொண்டேன்.